ஓசூரில் ஒன்று, பெங்களூரில் ஒன்று: இரண்டு மாநிலங்களில் பல் கிளினிக் நடத்த முடியுமா?

கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டுப் பல் மருத்துவர். பெங்களூரிலும் ஒரு கிளினிக் போட நினைக்கிறார். சட்டப்படி முடியுமா, நடைமுறையில் தாங்குமா என்று கேட்டிருக்கிறார்.

முடியும். என் முதல் கிளினிக் ஓசூரில், இரண்டாவது எலக்ட்ரானிக் சிட்டி பக்கம். நடுவில் அத்திப்பள்ளி எல்லைதான். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டினால் எல்லாக் காகிதமும் புதிது.

கிளினிக் நம் பெயரில் இருப்பது வேறு, அங்கே உட்கார்ந்து பல் பார்ப்பது வேறு. 1948 பல் மருத்துவர்கள் சட்டத்தில், வேறு மாநிலத்துக்குத் தொழில் செய்யப் போகிறவர் தன் பெயரை அந்த மாநிலப் பதிவேட்டுக்கு மாற்றிக்கொள்ள வழி வைத்திருந்தார்கள். நான் என் பதிவைத் தமிழ்நாட்டிலேயே வைத்துக்கொண்டேன். பெங்களூரில் தினமும் சிகிச்சை செய்பவர் கர்நாடகப் பதிவு உள்ள டாக்டர். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதனால் சீனியர்கள் சொல்வதை மட்டும் நம்பாமல், இரண்டு மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலிலும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளினிக் பதிவும் தனித்தனிதான். இங்கே 1997 மருத்துவ நிறுவனங்கள் சட்டம், அங்கே 2007 தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம். எக்ஸ்ரே மட்டும் மத்திய அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம். அதிலும் ஒவ்வொரு மெஷினும் அது நிற்கும் இடத்தோடு சேர்த்துத்தான் பதிவாகும். மருத்துவக் கழிவுக்கு அந்தந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். பிடுங்கிய பல்லும் ரத்தப் பஞ்சும் மஞ்சள் பையில், ஊசி வெள்ளை டப்பாவில். 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. இங்கே உள்ள பையைக் காரில் போட்டு அங்கே கொடுத்துவிடலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். அப்புறம் வாசலில் மாட்டும் பெயர்ப் பலகை. கர்நாடகத்தில் 60 சதவீதம் கன்னடத்தில் இருக்க வேண்டும் என்று 2024-ல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது.

இதையெல்லாம் ஒரு நல்ல ஆடிட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் முடித்துவிடலாம். எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு.

பெங்களூர் கிளினிக் ஆரம்பித்த முதல் வருடம் ஒரு அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் தொடங்கியிருந்தோம். பல்லைத் திறந்து, உள்ளே மருந்து வைத்து, தற்காலிக சிமென்ட் போட்டு அனுப்பியாயிற்று. அதற்குள் அங்கே இருந்த டாக்டர் எம்டிஎஸ் (பல் மருத்துவ மேற்படிப்பு) சீட் கிடைத்துப் போய்விட்டார். பாதியில் நிற்கும் கேஸ் எத்தனை என்று நான் கேட்கவில்லை. ஓசூரில் தினமும் நாற்காலியில் இருந்ததால் எனக்குத் தெரியவும் இல்லை. அந்த அம்மா இரண்டு முறை போன் செய்திருக்கிறார். "டாக்டர் வந்ததும் சொல்கிறோம்" என்று ரிசப்ஷனில் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது வாரம் கன்னம் வீங்கி வந்தார். சிமென்ட் உடைந்து, பல் நடுவே பிளந்திருந்தது. அதைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்தோம். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபப்படவே இல்லை, "நீங்க இருந்திருந்தா போயிருக்காதுல்ல டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து இரண்டு விஷயங்களை மாற்றினேன். தொடங்கி முடியாத ரூட் கெனால், அளவெடுத்து மாட்டாத கேப், தையல் பிரிக்காத கேஸ், இவ்வளவும் ஒரே நோட்டில் இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை நானே பார்க்கிறேன். அடுத்தது, அங்கே புதிதாக வந்த டாக்டரை மாதச் சம்பளத்தில் வைக்கவில்லை. வருமானத்தில் பங்கு கொடுத்தேன். விலகுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்லி, கேஸ்களைக் கையிலே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். எனக்குக் கிடைப்பது குறைந்தது நிஜம். ஆனால் ஐந்து வருடமாக அதே டாக்டர்தான் இருக்கிறார். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் பேசுவார். நோயாளிகள் அவர் பெயரைச் சொல்லித்தான் வருகிறார்கள்.

ஆகவே உங்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே தங்கிப் பார்க்கப்போகும் டாக்டர் யார் என்று முடிவாகிவிட்டதா? இல்லையென்றால் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதைத் தள்ளிப்போடுங்கள்.