பென்டிரைவில் ஒரு மாற்று சிஸ்டம்: எதை வாங்குவது, எப்படி ஏற்றுவது?

கேள்வி: என் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் அடிக்கடி தகராறு செய்கிறது. அவசரத்துக்கு, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் சிஸ்டம் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று கையில் இருந்தால் நல்லது என்கிறார்கள். ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த விலைக்கு 2 டிபி வராது. இப்படிப்பட்ட டிரைவுகளில் உள்ளே 16 அல்லது 32 ஜிபி சிப்தான் இருக்கும். டிரைவை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் மட்டும் 2 டிபி என்று பொய் சொல்லும், விண்டோஸும் அதை நம்பி அப்படியே காட்டும். உண்மையான கொள்ளளவைத் தாண்டி எழுதுவதெல்லாம் காணாமல் போகும், அல்லது முதலில் எழுதியதன் மேலேயே விழும். காப்பி முடிந்தது என்றே வரும். திறக்கும்போதுதான் தெரியும்.

உங்கள் தேவைக்கு 32 ஜிபி போதும், 64 ஜிபி தாராளம். எந்த கம்பெனி டிரைவானாலும் பில்லோடு வாங்கி, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமை ஓடவிடுங்கள். டிரைவை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடும். எழுதும் வேகம் விநாடிக்கு 20 எம்பி என்றால் 64 ஜிபி நிரம்பவே ஒரு மணி நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். பிழை வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். விற்றவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அட்டையில் '150 எம்பி வேகம்' என்று இருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். சிஸ்டம் ஓடும்போது நடப்பதோ சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதும் வேலை. சாதாரண பென்டிரைவ் திணறுவது அதில்தான். பிரவுசரில் நாலு டேப் திறந்ததும் மவுஸ் நின்று நின்று நகரும். அவசரத்துக்கு மட்டும் என்றால் சகித்துக்கொள்ளலாம். தினமும் அதில்தான் வேலை என்றால், சின்ன சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை யுஎஸ்பி 3.0 கேஸில் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஏற்றுவது எளிது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு சிஸ்டமும் அடங்கிய ஒரே ஃபைல்) அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். அதை டிரைவில் எழுதும் ரூஃபஸ் என்ற புரோகிராமில் டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுத்ததும், பெர்சிஸ்டென்ட் பார்ட்டிஷன் (உங்கள் ஃபைல், செட்டிங்குகளைச் சேமிக்கும் இடம்) என்ற ஸ்லைடர் 0-வில் நிற்கும். 32 ஜிபி டிரைவில் அதை 10 ஜிபிக்கு நகர்த்துங்கள். பார்ட்டிஷன் முறையை ஜிபிடி, பூட் முறையை யுஇஎஃப்ஐ என்று வைத்து ஸ்டார்ட் அழுத்துங்கள். டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பிறகு லேப்டாப்பை அணைத்துப் போட்டு, டெல், லெனோவா என்றால் எஃப்12, எச்பி என்றால் எஸ்கேப் அழுத்தி எஃப்9. வரும் பூட் மெனுவில் (எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல்) பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பூட் செய்து வைஃபை பிடிக்கிறதா என்று பாருங்கள். படுத்த பிறகு சோதிப்பதில் பயனில்லை.

கேள்வி: ஏற்றிவிட்டேன். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் செட்டிங், ஃபைல் எல்லாம் போய்விடுகிறது.

பதில்: ஸ்லைடர் 0-விலேயே நின்றிருக்கும். மறுபடி எழுத வேண்டியதுதான். சரியாக வைத்தபின்னும் போனால், ஷட்டவுன் முடியுமுன் டிரைவைப் பிடுங்குகிறீர்களா என்று கவனியுங்கள்.

இன்னொன்று: இதில் முழு அப்டேட் போடாதீர்கள். மூல சிஸ்டம் சுருக்கி வைத்த, மாற்ற முடியாத ஒரே ஃபைல். புதியது அதன் மேல் அடுக்காக ஏறுமே தவிர பழையது போகாது. 10 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். புது கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இறங்கினாலும் பூட் ஆவது பழையதுதான். தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் போன்ற சின்னப் பேக்கேஜ்களைப் போட்டுக்கொள்வதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: லினக்ஸ் வருகிறது, சி டிரைவ் மட்டும் திறக்கவில்லை.

பதில்: 48 இலக்க எண் கேட்டால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர்தான் காரணம். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே பேப்பரில் எழுதி வையுங்கள். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு செட்டிங்கை அணைத்தாலும் விண்டோஸ் இதே எண்ணைக் கேட்கலாம். உபுண்டு அதை அணைக்காமலே பூட் ஆகும், எனவே தொடவே வேண்டாம்.

திறக்கிறது, எழுத மட்டும் விடவில்லை என்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி காரணம். விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. ஃபைல்களை எடுக்க அது தடையில்லை, வலுக்கட்டாயமாக எழுத முயலாதீர்கள். டிஸ்க்கே தெரியவில்லையா? பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங் திரை) இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற டிஸ்க் நிர்வாக முறை இயங்கிக்கொண்டிருக்கலாம். அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும், ஆனால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டியில், பென்டிரைவில் ஓட்டுவது போன்ற லைவ் முறை இல்லாமல் முழுதாகவே இன்ஸ்டால் செய்யலாமா?

பதில்: செய்யலாம், அப்டேட் தொல்லையும் இராது. ஒரே பொறி: இன்ஸ்டாலர், சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரை லேப்டாப்பின் உள் டிஸ்க்கில் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட்லோடர்களுக்கான இடம்) போட்டுவிடுவதுண்டு. அப்புறம் எஸ்எஸ்டியைக் கழற்றினால் விண்டோஸுக்குப் பதில் க்ரப் என்ற அந்த பூட்லோடரின் கறுப்புத் திரை வரும். எஸ்எஸ்டியை வேறு லேப்டாப்பில் செருகினால் அதுவும் பூட் ஆகாது. இன்ஸ்டால் முடியும்வரை உள் டிஸ்க்கை பயாஸில் அணைத்து வையுங்கள். அந்த வசதி இல்லாத மாடலில் பின்மூடியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றிவிடுவதே பத்திரம்.