கோட்டைத் தொலைத்த முயலும் ரெயின்கோட்டைத் தொலைத்த பையனும்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. பீட்டர் ராபிட் கதை என்றால் உயிர். தினமும் ராத்திரி அதைத்தான் படிக்கச் சொல்வான். அம்மா பேச்சைக் கேட்காத முயல் என்ன பாடுபட்டது பார் என்று ஒவ்வொரு தடவையும் எடுத்துச் சொல்கிறேன். மண்டையில் ஏறவே இல்லை. போன வாரம்கூட பள்ளியில் ரெயின்கோட்டைத் தொலைத்துவிட்டு 4 நாள் என்னிடம் மூச்சுவிடவில்லை. டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. இந்தக் கதையிலிருந்து அவனுக்கு வேறு என்னென்ன நீதி சொல்லித்தரலாம்?

பதில்: நீதி கிடக்கட்டும். அந்த 4 நாள் கதையைச் சொல்லுங்கள். போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். 4 ராத்திரியும் உங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கோட்டைத் தொலைத்த முயலின் கதையை அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறான். உங்களுக்கு எதுவும் தோன்றவில்லையா?

கடைசிப் பக்கங்களைத் திரும்பப் பாருங்கள். பீட்டர் தொலைத்தது பித்தளைப் பொத்தான் வைத்த புது நீலக் கோட்டு. ஷூவும் போச்சு. 2 வாரத்தில் இது இரண்டாவது தடவை. அதுவும் அவன் அப்பாவைப் பிடித்துச் சமைத்துவிட்ட தோட்டத்தில்! அங்கே மட்டும் போகாதே என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்படியும் அவன் நேரே வீட்டுக்குத்தான் ஓடிவருகிறான். மணல் தரையில் தொப்பென்று விழுந்து கண்ணை மூடிக்கொள்கிறான். சமையலில் இருந்த அம்மா, துணியெல்லாம் எங்கே என்று மனசுக்குள் யோசிப்பதோடு சரி, விசாரணை வைக்கவில்லை. படுக்கவைத்து ஒரு கரண்டி கெமோமில் பூ டீ கொடுக்கிறாள். அதற்காகக் கொஞ்சவும் இல்லை. ரொட்டியும் பாலும் பழமும் சொன்ன பேச்சு கேட்ட மற்ற மூன்று பிள்ளைகளுக்குத்தான். கண்டிப்பே இல்லாத வீடு எனக்கும் பிடிக்காது.

பியாட்ரிக்ஸ் பாட்டர் 1893-ல் இதை முதலில் எழுதியது, உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த 5 வயதுப் பையனுக்குப் படம் போட்ட கடிதமாக. புத்தகமாகக் கடைக்கு வந்தது 1902-ல். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு யாராவது நீதி வகுப்பு எடுப்பார்களா?

ரெயின்கோட்டுக்கு முன்னால் வேறு ஏதோ தொலைந்திருக்கும். பென்சில் பாக்ஸோ, தண்ணீர் பாட்டிலோ. அன்றைக்கு என்ன சொன்னீர்கள்? எத்தனை நாள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்? கடிதத்தில் அது இல்லை. அவனுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும்.

இன்றைக்கு ராத்திரி கதையைப் படியுங்கள். முடிந்ததும் வாயைத் திறக்காதீர்கள். அவனாக ஏதாவது சொன்னால் கேளுங்கள், இல்லாவிட்டால் விளக்கை அணையுங்கள். ரெயின்கோட்டை நாளைக்குப் பள்ளியில் அவனே தேடட்டும். நீங்களும் கூடப் போய் நில்லுங்கள். அங்கேயும் பேச வேண்டாம்.