வேண்டாம் என்று நினைத்த பிள்ளை இப்போது மடியில். என்னை நானே எப்படி மன்னிப்பது?

மூத்ததற்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது உண்டாகி, வேண்டாம் என்று நினைத்தீர்கள், அப்புறம் பெற்றும்விட்டீர்கள். அப்படி நினைத்ததை மன்னிக்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இது உங்கள் கவனக்குறைவு இல்லை. பால் கொடுத்தால் கரு தங்காது என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் கருங்கல் பக்கமும் சொல்வார்கள். பிள்ளைக்கு 6 மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே குடித்து, உங்களுக்கு மாதவிலக்கு திரும்பாமலும் இருந்தால்தான் அதை ஓரளவு நம்பலாம். அதற்குப் பிறகு, விலக்கு வரும் முன்னேயே கரு தங்கிவிடலாம்.

என் மைனிக்கும், அதாவது அண்ணன் மனைவிக்கும், இதே கதைதான். ரப்பர் கன்றுகளுக்கு இடையில் விளைந்த அன்னாசியை யாருக்கும் தெரியாமல் அறுத்து, நாக்கு புண்ணாகும்வரை தின்றிருக்கிறார். கரு கலையவில்லை. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் கண் மஞ்சளித்ததும், அந்த அன்னாசிதான் காரணம் என்று ஒரே அழுகை. பிறக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் வருகிற மஞ்சள் அது, ஆனால் யார் சொல்லியும் ஏறவில்லை. மாதா கோவிலுக்குப் போய், ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்தார். கருவைக் கலைத்தவர்களையே எந்தக் குருவும் மன்னிக்கலாம் என்று போப் பிரான்சிஸ் 2016-ல் சொல்லிவிட்டார், வெறும் நினைப்புக்கு என்ன தண்டனை வரப்போகிறது? ஒரே ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னாராம் ஃபாதர்.

மன்னிப்பு கிடைத்தும் உறக்கம் வரவில்லை. பிள்ளை உறங்கினாலும் அதன் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். தடுப்பூசி போடும் நர்ஸ் அம்மாதான் இது வேறு என்று கண்டுபிடித்தார். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் காட்டினோம், பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு என்றார்கள். முதல் இரண்டு வாரம் அழுகை வருவது சகஜம், அதையும் தாண்டினால் அது நோய், மருந்துக்குக் கேட்கும்.

மன்னிப்பு கேட்க வேண்டிய ஆள் என் அண்ணன்தான் என்பது என் கட்சி. இரண்டு பிள்ளைக்கும் நடுவில் ஒரு ஆணுறை வாங்க மார்த்தாண்டம் வரை போக வெட்கம், ஆனால் உண்டானதும் "நீ பார்த்திருக்கக் கூடாதா" என்று கேட்கத் தெரிந்தது. இன்றுவரை அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைனியும் அதை மன்னிக்கவில்லை, மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கமாட்டேன்.

உங்களுக்கும் உறக்கம் கெட்டிருந்தால், பிள்ளையையோ உங்களையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால், இன்றைக்கே 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசுவார்கள். டாக்டரிடம் பால் கொடுப்பதை மறக்காமல் சொல்லுங்கள், பால் நிறுத்தாமலே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு.