வாசகர் கேள்வி–பதில்: படத்தைக் கொடுக்கலாம், உரிமையைக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் நாங்குநேரி வட்டத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். வயது 17. மாமா தந்த பழைய கேமராவையும் ஒரு 70-300 லென்ஸையும் வைத்துக்கொண்டு இரண்டு பருவங்களாகக் கூந்தன்குளத்துப் பறவைகளைப் படம் எடுத்து வருகிறேன். இதுவரை நாற்பது முறையாவது போயிருப்பேன். ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணமும் சாப்பாடுமாக 100 ரூபாய் செலவாகிறது. அண்மையில் ஒரு தங்கும் விடுதியினர் என் படங்களைப் பார்த்துவிட்டு, பத்துப் படங்களுக்கு மொத்தமாக 2,000 ரூபாய் தருவதாகவும், முழு உரிமையும் தங்களுக்கே என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா? – ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்.

பதில்: உங்கள் படங்களைப் பணம் கொடுத்து வாங்க ஒருவர் முன்வந்திருப்பது உண்மையிலேயே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம். நீங்கள் செலவழித்த பேருந்துக் கட்டணத்தையும் சாப்பாட்டையும் கூட்டினாலே 4,000 ரூபாய் ஆகிறது; அதில் பாதித் தொகைக்குப் பத்துப் படங்களை நிரந்தரமாக இழந்துவிடச் சொல்கிறார்கள். தொகை குறைவு என்பதைவிட ‘முழு உரிமை’ என்ற சொல்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, நீங்களாகவே போய் எடுத்த படத்தின் முதல் உரிமையாளர் நீங்கள்தான். எங்கும் பதிவு செய்யாவிட்டாலும் படம் எடுக்கப்பட்ட கணத்திலேயே அந்த உரிமை பிறந்துவிடுகிறது. 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அது எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் காலத்துக்குப் பின் மேலும் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. இவ்வளவு நீண்ட உரிமையை ஒருவர் கேட்கும்போது, ‘இந்தப் படத்தை எங்கே, எதற்காக, எவ்வளவு காலம் பயன்படுத்தப் போகிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. வரவேற்பறைச் சுவரில் மாட்டவா, விளம்பரத் துண்டறிக்கையில் அச்சிடவா, தங்கள் இணையதளத்தில் போடவா என்பதைப் பொறுத்து விலை மாற வேண்டும். பெரும்பாலான விடுதிகளுக்கு உண்மையில் தேவைப்படுவது ஓரிரு ஆண்டுகள் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதிதான். அதை உரிமம் என்கிறோம். உரிமம் கொடுத்தால் படம் உங்களுடையதாகவே இருக்கும். அதே மஞ்சள் மூக்கு நாரையை அடுத்த மாதம் ஒரு பள்ளிப் பாடநூலுக்கோ இதழுக்கோ நீங்கள் மறுபடி கொடுக்கலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ‘வந்து எங்களுக்காகப் படம் எடுத்துக் கொடுங்கள்’ என்று அவர்கள் கேட்டு, அதற்குப் பணமும் கொடுத்து நீங்கள் எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் சட்டம் அவர்களையே முதல் உரிமையாளராகக் கருதும். ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் படத்தை விற்பதும், கேட்டதன்பேரில் எடுத்துத் தருவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. ஆகவே அப்படி ஒரு வேலை வரும்போது, உரிமை யாருக்கு என்பதைப் புறப்படும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். எழுத்தில் உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது கால அளவைக் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பது ஒரு சிறு பாதுகாப்பு. எடுத்தவர் நான் என்று உரிமை கோரும் உங்கள் தகுதியோ, உரிமையை விற்ற பிறகும் உங்களிடமே இருக்கும்.

இன்னொன்று, உங்களுக்கு இன்னும் 18 வயது நிறையவில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, உரிய வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1903-இலேயே இதை ஐயமின்றித் தீர்த்துவிட்டது. அதனால் எந்தத் தாளானாலும் தந்தையோ தாயோ படித்துப் பார்த்துக் காப்பாளராகக் கையெழுத்திடட்டும். விடுதியினருக்கும் அதுவே நல்லது.

நானும் இருபது வயதில், எழுத்தில் எதுவும் இல்லாமல் ஒரு மீன்கொத்திப் படத்தை ஒரு நாட்காட்டி அச்சகத்துக்குக் கொடுத்தவன்தான். ஓராண்டுக்கென்று வாய்மொழியாகச் சொன்ன படம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அச்சானது, மூன்றாம் ஆண்டில் வேறொருவர் பெயரோடு. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை என்பதால்தான் இதை இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

விடுதியினருக்கு நீங்கள் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மூன்று படங்கள், சுவரில் மாட்டும் அளவில் அச்சிட்டு, அச்சுச் செலவு தனியாக, அவற்றையே அவர்களுடைய இணையதளத்தில் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தலாம், படத்தின் கீழ் உங்கள் பெயர் இருக்க வேண்டும். அச்சின் அளவைச் சொல்லும் முன் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அருகில் நின்று பார்க்கும் தரமான அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது வழக்கம். 24 மெகாபிக்சல் கேமராவின் முழுப் படம் 6000-க்கு 4000 புள்ளிகள். அது ஏறத்தாழ 20-க்கு 13 அங்குலம் வரை தாங்கும். ஆனால் 300 மில்லிமீட்டர் லென்ஸில் தொலைவிலுள்ள நாரையை எடுத்துவிட்டு, படத்தின் நீளத்திலும் அகலத்திலும் பாதியை வெட்டினால், மிஞ்சுவது 10-க்கு 6½ அங்குலம்தான். வெட்டிய படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்து முதல் வாடிக்கையாளரை இழந்துவிடாதீர்கள்.

கேள்வி: குஞ்சுகளுக்குத் தாய்ப்பறவை இரையூட்டும் படங்களைத்தான் எல்லோரும் விரும்பிக் கேட்கிறார்கள். கூட்டுப் படங்களை எடுத்து விற்பது தவறா? – ஒரு வாசகி, செங்கல்பட்டு.

பதில்: எந்தக் கூடு, எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் மாவட்டத்து வேடந்தாங்கலில், ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. பார்வையாளர் கரையில் நின்று தொலைவிலிருந்து பார்க்கிறார். கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன; அவை வருவதை நற்சகுனமாகக் கருதி ஊரார் காக்கிறார்கள். இத்தகைய இடங்களில் அனுமதிக்கப்பட்ட தொலைவிலிருந்து எடுக்கும் படத்தால் பறவைக்குக் கேடில்லை.

உங்கள் வீட்டுத் தோட்டத்துத் தையல்சிட்டின் கூடு அப்படியன்று. அது இலைகளைத் தைத்து மறைவாகக் கட்டியிருப்பதே காக்கையும் பாம்பும் காணாதிருக்கத்தான். படத்துக்கு இடையூறாக இருக்கிறதென்று ஓர் இலையைக் கிள்ளினால் வெயிலும் காக்கையும் ஒரே வழியில் உள்ளே வந்துவிடும். அருகில் கேமராவோடு ஒருவர் அரை மணி நேரம் நின்றால், இரையை அலகில் வைத்துக்கொண்டே தாய் வேறொரு கிளையில் காத்திருக்கும்; அந்த அரை மணியும் குஞ்சுக்குப் பசிதான். தாய் கூட்டுக்கு வராமல் திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தால், நீங்கள் நிற்கும் இடம் தவறு என்று பொருள். உடனே விலகிவிட வேண்டும்.

சட்டமும் இதில் கடுமையானது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பது மட்டுமன்றி, இரை வைத்து விலங்கை வரவழைப்பதும் அடங்கும். ஆந்தை பாய்ந்து வரும் படத்துக்காக உயிருள்ள எலியைக் கட்டிவைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். சரணாலயத்துக்குள் ஒளிப்படம் எடுப்பதற்கான அனுமதியும் அதே சட்டத்தின்கீழ்தான் வழங்கப்படுகிறது. ஆகவே விற்பனை நோக்கில் எடுப்பதாக இருந்தால், வனச்சரக அலுவலகத்தில் அதைச் சொல்லி எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

விற்கும்போது படக்குறிப்பில் பறவையின் தமிழ்ப் பெயரும் அறிவியல் பெயரும் மாதமும் மாவட்டமும் இருந்தால் போதும். கூடு இருக்கும் மரத்தையும் தெருவையும் எழுதாதீர்கள். கைப்பேசியில் எடுத்த படமானால் அதில் பதிவாகியிருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: பலருடைய படங்களைத் திரட்டி இணையத்தில் விற்கும் ‘ஸ்டாக் போட்டோ’ நிறுவனங்களின் இணையதளங்களில் படங்களை ஏற்றினால் மாதாமாதம் வருமானம் வரும் என்கிறார்களே? – ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்.

பதில்: வரும், ஆனால் மிக மெதுவாக வரும். அத்தகைய ஒன்றான ஷட்டர்ஸ்டாக் நிறுவனம் 2020 ஜூன் முதல், ஓராண்டில் உங்கள் படங்கள் எத்தனை முறை தரவிறக்கப்பட்டன என்பதைக் கொண்டு, விற்ற தொகையில் 15 முதல் 40 விழுக்காடு வரை பங்கு தருகிறது. புதியவர் 15-இல்தான் தொடங்க வேண்டும். சந்தா செலுத்தும் வாடிக்கையாளர் எடுக்கும் ஒரு படத்துக்கு உங்கள் கைக்குச் சில அமெரிக்க சென்ட்டுகளே வரக்கூடும். அமெரிக்க நிறுவனங்களிடம் வரி தொடர்பான டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்பிக் கொடுக்காவிட்டால் அங்கேயே கூடுதல் வரி பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் கவனியுங்கள்.

என் கருத்தில், புலியையும் யானையையும் அங்கே ஏற்றுவதில் பயனில்லை. அவை ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் உங்களால் எடுக்க முடிந்தவை வேறு: வாழைத்தோப்பில் மரநாய், கிணற்றடித் தவளை, தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் சோலைமந்தி. இவற்றுக்குச் சரியான பெயரும் குறிப்பும் சேர்ந்தால், தேடி வரும் பதிப்பாசிரியர்கள் உண்டு. அதைவிட நல்ல வழி, படத்தோடு எழுத்தையும் சேர்த்து இதழ்களுக்கு அனுப்புவது. சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், தாமே பாகங்களைச் சேர்த்து அமைத்துக்கொண்ட கேமராவில் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்து, 1950 முதல் 1996-இல் மறையும்வரை ஒரு கல்கத்தா நாளிதழில் பத்தி எழுதினார். அந்த விலங்கு அந்தக் கணத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எடுத்தவரே எழுதும்போது, நிறம் இல்லாத படமும் நிலைத்துவிடுகிறது.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. போட்டியில் வென்றால்தான் படங்களுக்கு விலை கிடைக்கும் என்கிறார்கள். எங்களால் விலை உயர்ந்த லென்ஸ் வாங்க இயலாது. அனுப்பலாமா? – ஒரு தாய், ஓசூர்.

பதில்: தாராளமாக அனுப்புங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகக் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் இளையோருக்கென்று தனிப் பிரிவுகள் உண்டு. 17 வயது வரை நுழைவுக் கட்டணம் கிடையாது. 2021-இல் அங்கே இளையோருக்கான முதன்மைப் பரிசை வென்றவர், உங்களுக்கு அடுத்த ஊரான பெங்களூருவைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவர். அவர் எடுத்தது ஒரு சுவர் இடுக்கில் வலை பின்னியிருந்த சிலந்தியை. பின்னால் மங்கலாகத் தெரியும் வண்ணங்கள் அவ்வழியே போன ஓர் ஆட்டோவினுடையவை. அதற்குக் காட்டுக்குள் போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

எந்தப் போட்டியானாலும், அனுப்பும் எல்லாப் படங்களையும் காலவரையின்றி, எதற்கும் பயன்படுத்த அமைப்பாளருக்கு உரிமை என்று விதிகளில் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். வென்ற படத்தைப் போட்டியின் விளம்பரத்துக்கும் கண்காட்சிக்கும் பயன்படுத்துவதாக மட்டும் சொன்னால் அது நியாயமே. பழக்கப்பட்ட விலங்கையோ, கூண்டு விலங்கையோ எடுத்திருந்தால் மறைக்கக் கூடாது. அதே லண்டன் போட்டியில் 2009-இன் முதற்பரிசு பெற்ற, வேலிக்கதவைத் தாண்டும் ஓநாயின் படம், அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்ததால் அடுத்த ஆண்டு சனவரியில் தகுதி இழந்தது.

இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு, கேமரா பதிவுசெய்த திருத்தப்படாத மூலக் கோப்பை நடுவர்கள் கேட்பார்கள். மகளின் கேமராவில் அந்த மூலக் கோப்பைச் சேமிக்கும் ‘ரா’ அமைப்பை இன்றே இயக்கிவிடுங்கள். அந்தக் கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள். பின்னாளில் யாரேனும் அந்தப் படம் தம்முடையது என்று சொன்னால், எடுத்துக்காட்ட வேண்டிய சான்றும் அந்தக் கோப்பேதான்.