ஸ்பானிஷில் இறந்தகாலம் ஏன் இரண்டு?

கேள்வி: நானாகவே ஸ்பானிஷ் படித்து வருகிறேன். இண்டிகேட்டிவ் என்ற பாடத்துக்கு வந்ததும் பத்துக் காலங்கள் கொண்ட அட்டவணை வந்து நிற்கிறது. 'கோமி' என்றாலும் சாப்பிட்டேன், 'கோமியா' என்றாலும் சாப்பிட்டேன் என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? பத்தையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?
- வாசகி ஒருவர்

பதில்: வேண்டாம். அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள்.

இண்டிகேட்டிவ் என்பது காலத்தின் பெயர் அல்ல. 'இது இப்படித்தான்' என்று ஒன்றை உறுதியாகச் சொல்லும்போது வினை எடுக்கும் வடிவம். 'க்ரேயோ கே வியேனே' என்றால் 'அவர் வருகிறார் என்று நினைக்கிறேன்', இது இண்டிகேட்டிவ். 'நோ க்ரேயோ கே வேங்கா' என்றால் 'அவர் வருவார் என்று நினைக்கவில்லை'. உறுதி போனதும் வினையும் சப்ஜங்டிவுக்கு, அதாவது உறுதியாகச் சொல்லாதபோது எடுக்கும் வடிவத்துக்கு, மாறிவிட்டது, பாருங்கள். சொன்னது உண்மையா என்பது வேறு விஷயம். பொய் சொல்பவரும் இண்டிகேட்டிவில்தான் சொல்வார்.

சரி, கோமிக்கும் கோமியாவுக்கும் வருவோம். உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். சாப்பிட்டு முடித்த செயலாகச் சொன்னால் கோமி. அந்தச் செயலுக்கு உள்ளே நின்று, நடந்துகொண்டிருந்ததாகவோ வழக்கமாகவோ சொன்னால் கோமியா. 'யோவியா க்வாந்தோ சாலி': நான் கிளம்பியபோது மழை பெய்துகொண்டிருந்தது. மழை எப்போது தொடங்கியது, எப்போது விட்டது என்று வாக்கியம் கவலைப்படவில்லை. கிளம்பியது மட்டும் நடந்து முடிந்த நிகழ்ச்சி.

இதற்குத் தமிழே உங்களுக்குத் துணை. 'அந்த நாட்களில் தினமும் கடிதம் எழுதுவார்' என்கிறோம். வடிவம் எதிர்காலம், பேசுவதோ பழைய வழக்கம். அந்த 'எழுதுவார்', அப்புறம் 'எழுதிக்கொண்டிருந்தார்', இரண்டுக்கும் ஸ்பானிஷில் 'எஸ்க்ரிபியா' போதும். 'எழுதினார், அனுப்பினார், கிளம்பினார்' என்று கதை அடுத்தடுத்து நகரும் இடத்தில் 'எஸ்க்ரிபியோ'.

சில வினைகளில் பொருளே மாறும். 'லோ சாபியா' என்றால் அது எனக்கு ஏற்கெனவே தெரியும். 'லோ சூபே' என்றால் அப்போதுதான் தெரியவந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இது.

கராகஸில் பிறந்த ஆந்த்ரேஸ் பேயோ, 1847இல் சிலியில் வெளியிட்ட இலக்கண நூலில் கோமியாவுக்கு 'கோப்ரேதேரிதோ' என்று பெயர் வைத்தார். இன்னொரு இறந்தகாலத்தோடு கூடவே இருக்கும் இறந்தகாலம் என்று பொருள். மெக்சிகோ பள்ளிகளில் இன்றும் இந்தப் பெயர் உண்டு. ஸ்பெயின் புத்தகங்கள் 'இம்பெர்ஃபெக்தோ' என்கின்றன. இவ்வளவு தெளிவான பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருந்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

அட்டவணையில் உள்ள 'எ கோமிதோ' (சாப்பிட்டிருக்கிறேன்) என்பதன் பயன்பாடு ஊருக்கு ஊர் மாறும். இன்று சாப்பிட்டதைச் சொல்ல மத்ரித்தில் 'ஒய் எ கோமிதோ'. புவெனோஸ் ஐரஸிலோ மெக்சிகோவிலோ 'ஒய் கோமி'. இரண்டும் சரியே. உங்கள் ஆசிரியரோ நண்பரோ எந்த ஊர்க்காரரோ, அவர் வழியில் போங்கள்.

எதிர்காலத்துக்கு அன்றாடப் பேச்சில் 'வோய் ஆ கோமேர்' (சாப்பிடப் போகிறேன்) பெரும்பாலும் போதும். 'கோமெரே' (சாப்பிடுவேன்) வகை வடிவத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஊகம். 'செரான் லாஸ் த்ரேஸ்' என்றால் 'மணி மூன்று இருக்கும்'. நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? 'அப்போது மூன்று மணி இருந்திருக்கும்' என்பதற்கு 'செரியான் லாஸ் த்ரேஸ்'.

அட்டவணையில் 'உபே கோமிதோ' (சாப்பிட்டு முடித்திருந்தேன்) என்ற வரிசையை அடித்தே விடுங்கள். பேச்சில் அது கிடையாது. நிகழ்காலம் கைவந்ததும் முதலில் கோமியா வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒழுங்கு தவறும் வினைகள் செர் (இரு), ஈர் (போ), வேர் (பார்) ஆகிய மூன்றே: ஏரா, ஈபா, வேயியா. கோமி வகையில் அப்படிப்பட்டவை நிறைய. அவற்றைக் கதை படிக்கும்போது ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளலாம்.