பழைய ஸ்பீக்கரும் புதிய கெபாசிட்டரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எஸ்டேட் பங்களா ஒன்றின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, 1970-களில் இங்கிலாந்தில் தயாரான இருவழி ஸ்பீக்கர் ஜோடி (கீழ் சுருதிக்கு ஊஃபர், மேல் சுருதிக்கு ட்வீட்டர்) ஒன்றை வாங்கினேன். ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சுற்றில் இருந்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை எடுத்துவிட்டு, விலை உயர்ந்த பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர்களைப் பொருத்தினேன். இரும்பு உள்ளகக் காயில்களுக்குப் பதிலாகத் தடித்த கம்பியில் சுற்றிய காற்று உள்ளகக் காயில்களை வைத்தேன். ட்வீட்டரில் நேர்முனையும் எதிர்முனையும் மாறியிருந்ததையும் சரிசெய்தேன். இப்போது பாட்டில் வரும் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் காதைக் குத்துகின்றன. குரல் உள்வாங்கிக் கேட்கிறது. மிருதங்கத்தின் தொப்பி மெலிந்துவிட்டது. 200 மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். காத்திருக்கலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: காத்திருக்க வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர் ஓடி ஓடிப் பழகும் பொருள் அன்று. அந்த 200 மணி நேரத்தில் பழகுவது உங்கள் காதுதான். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் தனித்தனிக் காரணங்கள் உள்ளன, மூன்றையும் சரிசெய்துவிடலாம்.

முதலில் குரலைப் பார்ப்போம், ஏனென்றால் அதுதான் பெரிய இழப்பு. ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவுள்ள கிராஸ்ஓவரில், ஊஃபரும் ட்வீட்டரும் சந்திக்கும் அதிர்வெண்ணில் இரண்டுக்கும் இடையே 180 பாகை கட்ட வேறுபாடு வந்துவிடுவதால் (ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும்), ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் இருக்க ட்வீட்டரின் முனைகளை வேண்டுமென்றே மாற்றி இணைப்பது வழக்கம். நீங்கள் பிழை என்று எண்ணித் திருத்தியது பெரும்பாலும் வடிவமைத்தவரின் கணக்காகத்தான் இருக்கும். ஒரு பெட்டியில் மட்டும் ட்வீட்டர் வயர்களைப் பழையபடி மாற்றிக் கொடுத்து, மோனோவில் ஒரே பாட்டை இரு பெட்டிகளிலும் மாறி மாறிக் கேளுங்கள். குரல் எந்தப் பெட்டியில் முன்னே வந்து நிற்கிறதோ, அந்த இணைப்பே சரி.

சீறலுக்குக் காரணம் கெபாசிட்டரின் உள்தடை. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு இயல்பாகவே சிறிது உள்தடை உண்டு. வயதாக ஆக அது கூடும். பாலிப்ரொப்பிலீனில் அது ஏறக்குறைய இல்லை. அக்காலத்துப் பொறியாளர்கள் அந்தத் தடையையும் சேர்த்தே ட்வீட்டரின் அளவை வைத்தார்கள். 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் இருந்த 1 ஓம் தடை போய்விட்டால் அதன் ஒலி சுமார் 1 டெசிபல் உயரும். மேல் சுருதிப் பகுதி முழுவதும் ஒரே சீராக உயர்வதால், சிறிய எண்ணாகத் தெரிந்தாலும் காதுக்கு நன்றாகவே தெரியும். புதிய கெபாசிட்டரோடு தொடரிணைப்பில் 0.5 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள்; போதாவிட்டால் 1 ஓம் வரை போகலாம். இதை முடிவுசெய்ய இசையைவிடப் பேச்சுக் குரலே நல்ல அளவுகோல். பிபிசி பொறியாளர்கள் எல்எஸ்3/5ஏ போன்ற ஸ்பீக்கர்களை உருவாக்கியபோது, நேரில் பேசுபவரின் குரலோடு ஒப்பிட்டே திருத்தினார்கள். வீட்டில் ஒருவரைப் பேசவைத்துப் பதிவுசெய்து, அவரையே ஸ்பீக்கருக்கு அருகில் நிறுத்தி நீங்களும் ஒப்பிடலாம்.

தொப்பி மெலிந்தது காயிலால். பழைய காயிலின் கம்பித்தடையையும் கணக்கில் எடுத்தே பெட்டியின் கீழ் சுருதி அமைக்கப்பட்டிருக்கும்; தடித்த கம்பியில் அந்தத் தடை குறைந்துவிடுகிறது. பழைய காயில்களை எறியாமல் வைத்திருந்தால் தயங்காமல் திரும்பப் பொருத்திவிடுங்கள். அவை எளிதில் கெடுவதில்லை. புதியவைதான் வேண்டுமென்றால், அருகருகே உள்ள இரண்டு காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றில் ஏறும்.

கேள்வி: எங்கள் பழைய ஸ்பீக்கரில் ஒரு பக்கத்து ட்வீட்டர் மட்டும் மழைக்காலத்தில் மங்குகிறது. கெபாசிட்டர்களை எல்லாம் மாற்றிவிடலாமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: பருவத்துக்கு ஏற்ப வந்து போகும் குறை என்றால், முதலில் இணைப்புகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். கோத்தகிரியில் நண்பர் வீட்டு ஸ்பீக்கர் ஒன்றைத் திறந்தபோது, ட்வீட்டர் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் பச்சைக் களிம்பு அரிசிமணி கனத்துக்குப் படிந்திருந்தது. அவரும் கெபாசிட்டர் வாங்கத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். குமிழுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து, முழுச் சுற்றாக இருபது முப்பது முறை திருப்புங்கள். பின்புற முனைகளையும் துடையுங்கள். அதன் பிறகும் மங்கினால் மட்டும் கெபாசிட்டரின் ஒரு காலைச் சால்டரிலிருந்து விடுவித்து மீட்டரில் அளந்து பாருங்கள். 4 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டது 5-ஐத் தாண்டிக் காட்டினால் மாற்றுங்கள், இரண்டு பெட்டியிலும் சேர்த்தே.