எது கலை, எது வெறும் தொழில்? இதை யார் தீர்மானிப்பது?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் வேலையைப் பார்த்து யாரோ "இதெல்லாம் கலையா?" என்று கேட்டுவிட்டார்கள் போல. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மாமா கொழும்பு கொட்டாஞ்சேனையில் கடைப் பெயர் போர்ட் எழுதுபவர். சலூன், நகைக்கடை, சாப்பாட்டுக் கடை, எதுவானாலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் எழுதுவார். ஒரே அகலத்துக்குள் மூன்றும் அடங்க வேண்டும். பெரும்பாலும் தமிழ்தான் நீண்டு போகும். ஒடுக்கினால் பார்க்கச் சகிக்காது. சோக்குத் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டுவிட்டு வெறும் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்புறம் இடது கையில் ஒரு தடி, அதன் மேல் வலது மணிக்கட்டு. 'ழ'வின் சுழி ஒரே இழுப்பு.

கொழும்பு 7இல் ஒரு கலைக்கூடத்தில் பழைய கடைப் போர்ட்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். போனால், மாமா எழுதிய சலூன் போர்ட் சட்டம் போட்டுத் தொங்குகிறது. கீழே 'வரைந்தவர் தெரியவில்லை'. மூலையில் அவர் சின்னதாகப் போடும் பெயரை அந்தச் சட்டமே மறைத்திருந்தது. அங்கே நின்ற பிள்ளையிடம் சொன்னோம். "அப்படியா அங்கிள், நைஸ்" என்றாள். விலையைப் பார்த்த மாமா வெளியே வந்து பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு, "மஞ்சள் வெளிறிப்போச்சு. கடைக்காரன் மலிவு பெயின்ட் வாங்கித் தந்தவன்" என்றார்.

'அப்போ எல்லாமே கலையா?' என்று சண்டைக்கு வராதீர்கள். மாமாவே தன் போர்ட்களில் பாதியைக் கூலிக்கு எழுதியது என்றுதான் சொல்வார். நானும் ஓவியம் படித்தவனில்லை. ஆனால் தீர்மானிக்கிற கை மாறிக்கொண்டேதான் இருக்கிறது. 1943இல் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ் போன்றவர்கள் '43 குழு' என்ற கலைஞர் அமைப்பைத் தொடங்கியதே, ஆங்கிலேய அகாதமிப் பாணியைப் பிடித்துக்கொண்டிருந்த இலங்கைக் கலைச் சங்கத்தோடு ஒத்துவராமல்தான். இன்று கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் ஹரி பீரிஸின் வீட்டிலேயே அவர்களுடைய ஓவியங்களைப் போய்ப் பார்க்கிறோம். பொரளை கோதமி விகாரையில் கீற் வரைந்த சுவரோவியங்கள் கலை வரலாறு ஆகிவிட்டன. எங்கள் கோயில் வாகனத்துக்கு வர்ணம் தீட்டுபவருக்கு நாட்கூலி, மதியச் சாப்பாடு.

இதில் வேடிக்கை, தேசிய கலாபவனம் இருப்பதும், 1993இலிருந்து 'கலா பொல' ஓவியச் சந்தை கூடுவதும் கொழும்பில் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் வைத்த வீதியில் (ஆனந்த குமாரசுவாமி மாவத்தை). கைவினைஞன் வேறு, கலைஞன் வேறு என்று பிரிக்க மறுத்த கலை வரலாற்றறிஞர் அவர். 1908இல் சிங்களக் கைவினைகளைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வாடிக்கையாளர் தமிழைப் பிழையாக எழுதிக்கொண்டு வந்தால் மாமா காசு வாங்காமல் திருத்தித்தான் எழுதுவார். இப்போது டிஜிட்டல் பிரின்ட் போர்ட்களில், அரச அலுவலக வாசலில்கூட, தமிழ் கொலையாகிக் கிடக்கிறது. யாரும் கேட்பதில்லை. அதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள், படங்களோடு வருகிறேன்.